தகடுகள் மேல் காய்ந்த வடாம்

கார்பன் சமநிலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் என் கணவரின் வேட்டியிலிருந்துதான் தொடங்குவேன். சிரிக்காதீர்கள்.

நான் வேலை செய்வது புனே பக்கத்து ஆகுர்டியில், கார் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில். எவ்வளவு கார்பன் விடுகிறோம் என்ற கரிக்கணக்கைக் காட்டாவிட்டால் சரக்கே வேண்டாம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டதால், நாங்கள் எல்லோரும் அதைப் படிக்க வேண்டியதாயிற்று. காற்றில் எவ்வளவு கரியை விடுகிறோமோ அவ்வளவையும் திரும்ப எடுத்துவிட வேண்டும். அதற்கு முதலில் விடுவதைக் குறைக்க வேண்டும். குறைக்கவே முடியாத மிச்சத்துக்குத்தான் மரமும் மற்றதும். இது புரிந்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. பக்கத்து சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் வெயிலில்தான் ஓட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

சோதனைக்கு மொட்டைமாடியின் ஒரு மூலையில் மட்டும் சூரியத் தகடுகள் வைத்து, லிஃப்டை மட்டும் அதோடு இணைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிப் பார்ப்பது. பிடித்தால் மாடி முழுக்கத் தகடு, பிடிக்காவிட்டால் இருப்பதையும் கழற்றிவிடுவது. எதிர்ப்புக்குத் தலைமை கீழ்வீட்டு மராத்தி அம்மா; எல்லோருக்கும் அவர் காகு, நம் ஊர் சித்தி மாதிரி. காற்றில் பறக்கும், கூரை ஒழுகும் என்று தினம் ஒரு காரணம் சொல்வார்.

ஞாயிறு வந்தது. ஏப்ரல் வெயில் பிளந்துகட்டியது. கீழே கூடியிருந்தவர்களுக்குக் கைபேசியில் மின்சார அளவைக் காட்டினேன். பெயருக்கு ஏதோ வந்துகொண்டிருந்தது.

“பஸ், இத்னா ஹீ?” என்றார் காகு இந்தியில். போதுமா, இவ்வளவுதானா!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாடிக்கு ஓடினேன்; பின்னாலேயே கூட்டமும் வந்தது.

தகடுகள் மேல் வெள்ளை வேட்டிகள். வேட்டிகள் மேல் அரிசி வடாம். பக்கத்தில் குடையோடு காக்கை விரட்டியபடி என் கணவர். எங்கள் வீட்டில் வடாம் அவர் இலாகா.

“என்னங்க இது!”

“வெயில் இங்கதான் நல்லா விழுது. அதுக்குத்தானே இந்த இடமா பாத்து வச்சாங்க?”

“கரண்டே வரலைங்க!”

“அதனால என்ன, ஒரு வேப்பமரம் நட்டுடறேன். கணக்கு சரியாயிடும்னு நீதானே சொன்ன?”

“மொதல்ல வேட்டிய எடுங்க! மரமெல்லாம் அப்புறம்!”

ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவரும் பிடித்து வேட்டிகளைத் தூக்கினோம். கைபேசியில் எண் எகிறியது. கூட்டம் ஹோவென்று கத்தியது. நான் மாதக்கணக்கில் தொண்டை வறள விளக்கியதை அந்த வேட்டிகள் ஒரு நொடியில் விளக்கிவிட்டன.

காகு மட்டும் வடாமையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “மக் ஆம்ச்யா குர்டயா குட்டே?” அப்படியானால் எங்கள் குர்டை எங்கே காயும் என்று. குர்டை அவர்களுடைய கோதுமை வடாம். காற்று, ஒழுகல் எல்லாம் வெறும் சாக்கு! அடக் கடவுளே, இதை முதல் நாளே கேட்டிருக்கக் கூடாதா நான்?

தண்ணீர்த் தொட்டி ஓரத்தை வடாமுக்கும் குர்டைக்கும் விட்டுவிடுவது என்று அங்கேயே முடிவானது. மற்ற இடமெல்லாம் தகடு வைக்கச் சம்மதமா என்று கேட்டதும் முதலில் உயர்ந்த கை காகுவுடையது. அவரைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அன்று நானும் கணவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி, வெயிலில் ஓடும் லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்தோம். மூன்றாம் முறை பொத்தானை அழுத்தப்போனவரின் கையைப் பிடித்தேன்.

“மொதல்ல கொறைக்கணும்,” என்றேன்.

சிரித்துக்கொண்டே, தொட்டி ஓரத்தில் காயவைக்க வடாம் தட்டோடு படியேறினோம்.