பதினாறு கோல் போட்ட பர்ஸான்

"இக்கடிதத்தைக் கொண்டுவரும் ஆதம்பாவா முகம்மது பர்ஸான் எமது உதைபந்தாட்டக் கழகத்தின் நட்சத்திர முன்கள வீரர் ஆவார். இப்பருவகாலத்தில் மாத்திரம் பதினாறு கோல்களைப் போட்டுள்ளார். மைதானத்தில் எவருக்கும் எதற்கும் அஞ்சாதவர். அன்னார் தடையின்றிப் பயணம் செய்ய உதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

மூலம் சிங்களம். முத்திரை அசல், கையெழுத்து அசல், பெயரும் சரி. மற்றதெல்லாம் வேறு யாரைப் பற்றியோ எழுதியது போலிருக்கும்.

கிழக்கிலங்கைக் கல்முனைக்குடி பர்ஸான் பின்கள வீரன். பதினொரு வருஷத்தில் ஏழு கழகங்களுக்கு ஆடியிருந்தான். போட்ட கோல் ஒன்றே ஒன்று. அதுவும் கோனர் மூலையிலிருந்து உயர வந்த பந்துக்குப் பயந்து முதுகைத் திருப்பியபோது முதுகில் பட்டு உள்ளே போனது. உயரமான பந்துக்கு மட்டுமல்ல, ஊசிக்கு, நாய்க்கு, மத்தியஸ்தரின் விசிலுக்கு, தெரியாத இலக்கத்திலிருந்து வரும் தொலைபேசிக்கு, எல்லாவற்றுக்கும் அவனுக்குப் பயம். கடலை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கடலுக்குப் பயப்படுவது தனி ஒருவனின் குணமல்ல, பொதுச்சொத்து.

இப்படிப்பட்டவன் உதைபந்துக்கு ஏன் போனான் என்று கேட்கலாம். பயத்தினால்தான் போனான். கடற்கரை மைதானத்தில் பொடியன்மார் முன்னுக்கு நிற்க அடிபடுவார்கள். பின்னுக்கு நின்றால் பந்து வராது என்று நம்பி இவன் அங்கே போய் நின்றான். எல்லாப் பந்தும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், வருவதற்கு முன்பே பயப்படப் பழகினான். எதிரணிக்காரன் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் எதுவென்று யோசித்து, அந்த இடத்தில் போய் முதலிலேயே நிற்பான். அவனுடைய முதலாவது பயிற்றுநருக்கு இது விளங்கவில்லை.

"டேய், ஆளும் இல்ல, பந்தும் இல்ல. என்னத்துக்குடா பின்னுக்கு ஓடுறாய்?"

"இல்ல சேர், இப்ப அவன் இதால வந்தான் எண்டா?"

"வந்தானா?"

"வருவான் சேர்."

வந்தான். பர்ஸான் அங்கே நின்றிருந்தான். பந்தை வெளியே அடித்துவிட்டு, அடித்ததற்காக யாராவது ஏசுவார்களோ என்று சுற்றிப் பார்த்தான். பயிற்றுநர் அவனுடைய பெயரைக் கொழும்புக் கழகம் ஒன்றுக்கு எழுதிவிட்டார்.

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. ஆபத்து வருமுன்பே தடுத்துவிடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. பாய்ந்து விழுந்து சேறு பூசிக்கொண்டு தடுக்கிறவனுக்குத்தான் கைதட்டு. எனவே வருஷக் கடைசியில் கழகம் கூடி, 'இவன் என்ன செய்கிறான்?' என்று ஆளுக்காள் கேட்டு, நன்றி சொல்லி அனுப்பிவிடும். அடுத்த வருஷம் கோல்கள் வாங்கத் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்குச் சந்தேகம் தட்டும். அதற்குள் அவன் வேறு ஊரில் நின்று வேறு ஆட்களுக்குப் பயந்துகொண்டிருப்பான். கம்பளையில் ஒரு வருஷம், நீர்கொழும்பில் இரண்டு, மாலைதீவில் ஒரு தீவில் ஒரு பருவகாலம். அந்தத் தீவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் இடையே படகில் போகும்போதெல்லாம் இரண்டு உயிர்காப்பு அங்கி போட்டிருந்த ஒரே விளையாட்டு வீரன் இவன்தான் என்று கேள்வி.

2019 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன; வெடிக்கவைத்தவர்களுக்கு முஸ்லிம் பெயர்கள். அதன் பிறகு வந்த வாரங்களில் பயப்படுவதற்குத் தனித் திறமை தேவைப்படவில்லை. ஊரில் வீட்டுச் சோதனைக்குப் பயந்து பெரிய கத்திகளை ஆட்கள் கிணற்றில் போட்டார்கள். பேனாக்கத்தியால் மாட்டிறைச்சி வெட்டியதில் பகல் சாப்பாடு பின்னேர அசர் தொழுகைக்குப் போனது. வெளியூர் போகிறவன் திரும்பி வரும்வரை வீட்டில் ஒருவரும் ஒழுங்காகக் கதைக்கமாட்டார்கள்.

ஜூனில் கழகத்திலிருந்து செய்தி வந்தது. இடையில் நின்ற போட்டிகள் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் தொடங்குகின்றன, சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குள் கொழும்புக்கு வந்து கையொப்பம் வைக்காதவர் பட்டியலில் இல்லை. பர்ஸானுக்கு வயது முப்பத்திரண்டு. அந்த வயதுப் பின்கள வீரனை எட்டாவது கழகம் ஒன்று தேடி வராது. வேறு தொழிலும் தெரியாது. போகாவிட்டால் உதைபந்து முடிந்தது. போனால் எது முடியும் என்று தெரியாது.

மாமனார் முத்தலிப் நெல் வியாபாரி. முற்றத்தில் நின்ற தன் லொறியைக் காட்டினார்.

"மருமகன், அது போகும். நான் தடுக்கல்ல. நெல்லுக்குப் பேர் இல்ல. உங்களுக்குப் பேர் இரிக்கி. போகாதீங்க."

பர்ஸான் கழகச் செயலாளரிடம் ஒரு கடிதம் கேட்டான். அது பஸ்ஸில் பார்சலாக வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த அவனுடைய மனைவி றிபா உரக்க வாசித்தாள். இரண்டாவது வரியில் நிறுத்தினாள்.

"இஞ்ச பாருங்க, இது ஆர்?"

"நான்தான்."

"பதினாறு கோலா?"

ஆறு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றுதான் ஒருவர் சிரித்தார். 'எதற்கும் அஞ்சாதவர்' என்ற இடம் வந்ததும் அவளால் வாசிக்க முடியவில்லை, தாளை மடியில் போட்டுவிட்டாள். பர்ஸான் சிரிக்கவில்லை. செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தான்.

"சேர், நான் டிபென்ஸ்."

"தெரியும். டிபென்ஸ் எண்டா ஆர் விடுவான்? கோல் போடுறவனுக்கு ஒரு மரியாதை இருக்கு."

"அதுக்குப் பதினாறு எண்டா…"

"முதல்ல எட்டு எண்டுதான் போட்டனான். எட்டு காணாது போலத் தெரிஞ்சது."

பயணப்பை கட்டும்போது இன்னொரு பிரச்சினை. முழங்கால் நோவுக்கு அவன் வைத்திருந்த மின்சார இயந்திரம். சின்னக் கறுப்புப் பெட்டி, பற்றரி, நாலு வயர். ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு அதைப் போடாவிட்டால் மறுநாள் அவனுடைய கால் சரியாக மடங்காது. பைக்குள் வைத்தான். றிபா எடுத்து வெளியே வைத்தாள்.

"வயரைப் பாருங்க. பெட்டியைப் பாருங்க. நீங்களே சொல்லுங்க."

பார்த்தான். அவனுக்கே அது வெடிகுண்டு போலத் தெரிந்தது. அலுமாரிக்கு மேல் வைத்தான். பிறகு, தான் இல்லாதபோது வீட்டைச் சோதிக்க வந்தால் என்று யோசித்து இறக்கினான். கடைசியில் அதைக் கழற்றி, பெட்டியை அடுக்களையிலும் வயர்களைத் தையல் மெசினுக்குள்ளும் பற்றரியைச் சுவர்க் கடிகாரத்திலும் வைத்த பிறகுதான் அதிகாலைச் சுபஹுத் தொழப் போனான்.

சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ். நடத்துனர் அஹ்ஸன் ஊர்ப் பொடியன், வாய் ஓயாதவன். அன்று அவனும் டிக்கெட் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. அம்பாறை தாண்டி, காட்டோரச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. எல்லாரும் பையோடு இறங்கி வரிசையில் நடந்தார்கள். பர்ஸானுடைய அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் அவனை மட்டும் ஒரு பக்கத்தில் நிற்கச் சொன்னான். பர்ஸான் சட்டைப்பையைத் தடவினான். கடிதத்தை நீட்டினான்.

சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன் அதை மெதுவாக வாசித்தார். பிறகு தலையிலிருந்து கால்வரை அவனைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"பதினாறா?"

பர்ஸான் தலையாட்டினான். ஆட்டிய கணமே தவறு என்று தெரிந்தது. சார்ஜனின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் தன் படைப்பிரிவு அணிக்கு ஆடுகிறவர். மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பந்தை உருட்டி எடுத்தார். எதிரே, வீதியோரத்தில், இரண்டு வெற்றுத் தார்ப்பீப்பாய். அதுதான் அவர்களுடைய கோல். ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் கழற்றித் தோழனிடம் கொடுத்துவிட்டு இடையில் போய் நின்றான்.

"ஒண்டு போட்டுக் காட்டு. பார்ப்பம்."

நாற்பது பயணிகளும் திரும்பினார்கள். அஹ்ஸன் பஸ் படியிலிருந்து கெஞ்சினான்:

"மச்சான், ஒண்டை அடிச்சுப்போட்டு வாவன்! நேரம் போகுது."

"கண்ணை மூடிட்டு அடி மனே," என்றார் வரிசையிலிருந்த ஒரு பெண்.

பர்ஸான் வாழ்நாளில் பெனால்டி அடித்தவனல்ல. நீர்கொழும்பில் ஒருமுறை பெனால்டிக்கு ஆள் தேடியபோது, முறை தன்னிடம் வராதபடி பதினைந்து நிமிஷம் பூட்ஸ் கயிறு கட்டியவன். இப்போது அவன் தன் வழமைப்படி மிக மோசமானது எதுவென்று யோசித்தான். அடித்தால் தவறும். தவறினால் கடிதம் பொய். பொய்க் கடிதத்தோடு, இந்தப் பெயரோடு, இந்த மாதத்தில் பிடிபட்டவன். அதைவிட மோசமானது தோன்றவில்லை. எனவே அங்கேயே போய் முதலில் நின்றான்: பொய்யென்று தானே சொல்லிவிடுவது.

அதற்கும் மொழி இடம் கொடுக்கவில்லை. அவனுடைய சிங்களம் முழுக்கப் பின்களத்தில் படித்தது: 'விடு', 'ஆளைப் பிடி', 'அடிச்சுத் தள்ளு', 'கத்து, கத்து'. துப்பாக்கி வைத்திருப்பவரிடம் சொல்லக்கூடிய வசனம் அதில் ஒன்றுமில்லை. இருந்த சொற்களில் பாரமற்றதாக சிலதைப் பொறுக்கினான்.

"சேர், கடிதம் பொய். கோல் இல்ல. நான் பின்னுக்கு."

"அல்லாஹ்வே," என்றான் அஹ்ஸன், பஸ் படியில் குந்திக்கொண்டு.

சார்ஜனின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கடிதத்தைத் திரும்ப வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு லொறி வந்து, நின்று, இயந்திரத்தை அணைத்தது. 

"பொய் எண்டு நீயே சொல்றாய்?"

"ஓம் சேர்."

"அப்ப நீ ஆர்?"

"பின்னுக்கு, சேர். ஆளை விடமாட்டன்."

 சார்ஜன் பந்தைக் கோலில் நின்ற சிப்பாயின் காலடிக்குத் தட்டினார். "இவனைத் தாண்டிக் கொண்டுபோ."

சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும், நல்ல வேகம். பர்ஸான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சரளைக்கல்லில் நின்றான். தடுப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் சீருடை போட்டவன்மேல் கை படலாமா, தோள் படலாமா, காலைத் தட்டி அவன் விழுந்தால் என்ன பெயர் சொல்வார்கள்? தொடவே கூடாது என்று முடிவெடுத்தான். இரண்டடி பின்வாங்கினான். சிப்பாய் வலப்பக்கம் போனான். பர்ஸான் அங்கே இருந்தான். இடப்பக்கம் போனான், அங்கேயும் இருந்தான். நாலடி தூரம் விட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிப்பாயின் முழங்காலை மட்டும் பார்த்தபடி பின்னுக்குப் பின்னுக்கு நடந்தான். சிப்பாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் மிச்சமிருந்த வழி பீப்பாய்களை விட்டு விலகியே போனது. கடைசியில் மணல்மூட்டைகள் வந்துவிட்டன. சிப்பாய் பந்தைத் தள்ளினான். அது மூட்டையில் மோதித் திரும்பி, பர்ஸானின் வெறுங்காலடியில் வந்து நின்றது.

பஸ்ஸிலிருந்து யாரோ கைதட்டினார்கள். யாரோ அதை உடனே நிறுத்தினார்கள்.

பர்ஸான் குனிந்து, பந்தை இரண்டு கையாலும் எடுத்து, சார்ஜனிடம் கொடுத்தான். அவர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கடிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை அடுத்த இடத்தில காட்டாத. அங்க இருக்கிறவருக்கு விளையாட்டுப் பிடிக்காது."

பஸ்ஸில் அஹ்ஸன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "விசரா உனக்கு? ஒரு கோல். ஒரு சின்னக் கோல். என்ர உசிரு போய் வந்த."

"தவறியிருக்கும்."

"தவறினா இன்னொண்டு கேட்டிருக்கலாம்."

கொழும்புக்கு இன்னும் ஐந்து சாவடிகள் இருந்தன. இப்போது அவனிடம் கடிதமும் இல்லை. ஒவ்வொன்றிலும் இறங்கினான், பையைத் திறந்தான், பூட்ஸை உதறிக் காட்டினான். மஹியங்கனையில் அரை மணித்தியாலம் நிறுத்திவைத்தார்கள். கேகாலையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேதான் அவன் அதிகம் பயந்தான். ஆறு மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கக் கழகத்துக்குப் போய்க் கையொப்பம் வைத்தான். பேனா வழுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவன் முழங்கால் நோவோடு தொண்ணூறு நிமிஷமும் விளையாடினான். இருபத்தாறு தடவை பந்தை வெளியே அடித்தான்.