பொய் சொல்லாத குழந்தையைப் பற்றி ஓர் அறிக்கை

என் மகள் படிக்கும் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இரண்டு வருடம் இருந்தேன். பள்ளி சிங்காநல்லூருக்குக் கிழக்கே, ஒரு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. பெற்றோர்களே சேர்ந்து தொடங்கி, பெற்றோர்களே நடத்துகிற பள்ளி. வால்டார்ஃப் முறை என்பார்கள். பாடப்புத்தகம் கிடையாது, தேன்மெழுகு கிரேயானால் குழந்தைகள் தங்கள் புத்தகத்தைத் தாங்களே வரைந்து எழுதிக்கொள்வார்கள். குழுவில் நாங்கள் ஏழு பேர், எல்லாருமே அப்பா அம்மாக்கள். சனிக்கிழமை காலைகளில் மழலையர் வகுப்பில் கூடுவோம். அங்கே இருப்பதெல்லாம் முழங்கால் உயர நாற்காலிகள். அவற்றில் மடங்கி உட்கார்ந்துகொண்டு, பிறர் பிள்ளைகளைப் பற்றி மிகப் பெரிய முடிவுகளை எடுப்போம்.

என்னைக் குழுவில் சேர்த்ததற்குக் காரணம், எனக்கு எழுத வரும் என்பது. வேலையை விட்டு வீட்டில் இருந்தேன். ஒரு இடத்தில் என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள் என்பதே அப்போது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பெற்றோர்களுக்குப் போகும் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதுவேன். சேர்க்கையின்போது ஒவ்வொரு பெற்றோரும் கையெழுத்துப் போடும் உறுதிமொழியும் நான் எழுதியதுதான். "எங்கள் குழந்தையின் கண்முன் எந்தத் திரையும் இருக்காது, டிவியோ போனோ அதன் கற்பனையைத் தொட நாங்கள் விடமாட்டோம்." எழுதி முடித்தபோது எனக்கே அந்த வாக்கியம் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் டிவி இருந்தது. படுக்கையறைச் சுவர் அலமாரிக்குள், துணி அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில். ஆசாரியைக் கூப்பிட்டு அதற்குத் தனியாக இரண்டு கதவு போட்டிருந்தோம். என் கணவருக்குக் கிரிக்கெட் இல்லாமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் தூங்க எனக்கு ஆசை. அந்த இரண்டு மணி நேரமும் மகள் கட்டிலில் சம்மணம் போட்டுக் கார்ட்டூன் பார்ப்பாள். "ஸ்கூல்ல சொல்லக்கூடாது கண்ணு, சரியா?" என்று சொல்லிவைத்திருந்தேன். அவளும் தலையாட்டியிருந்தாள். அதை ஒரு பொய் என்று நான் நினைத்ததே இல்லை. மற்ற வீடுகளில் நாள் முழுக்க ஓடுகிறது, நம் வீட்டில் கதவு போட்டு வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கென்று வகுப்புக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தோம். என் மகளின் இரண்டாம் வகுப்பில் அப்படிச் சேர்ந்தவள் ஒரு பெண். சூலூர்ப் பக்கம், அப்பாவும் அம்மாவும் வீட்டோடு நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர்கள். துறுதுறுவென்று இருப்பாள். என் மகள் பள்ளி விட்டு வந்து வாயைத் திறந்தால் அவள் பேச்சுத்தான்.

ஒருநாள் இடைவேளையில் அந்தப் பெண் ஏதோ சீரியலில் வரும் மாமியாரைப் போல நடந்து காட்டியிருக்கிறாள். இடுப்பில் கையை வைத்து, ஒரு புருவத்தைத் தூக்கி, "இந்த ஊட்ல நானா நீயா பாத்துரலாம்!" என்று. வகுப்பே அதைக் கற்றுக்கொண்டது. என் மகளும் வீட்டுக்கு வந்து செய்து காட்டினாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்று மாலையே பெற்றோர் வாட்ஸப் குழுவில் புகார் வந்துவிட்டது. இந்தப் பள்ளியில் ஏன் சேர்த்தோம், இதற்காகவா, என்று வரிசையாக. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். "குழு இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளும்" என்று பதில் போட்டேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியை, "நான் அவங்கம்மாகிட்டப் பேசிக்கறேனுங்க, இது ஒரு விஷயமே இல்லீங்க" என்றார். இது கொள்கை சம்பந்தப்பட்டது, வீட்டுச் சூழலைக் குழுவே நேரில் பார்க்க வேண்டும் என்று சொன்னது நான். குழுத் தலைவரும் நானும் போவதென்று முடிவானது. தலைவர் மில்களுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் வீட்டில் உண்மையாகவே டிவி கிடையாது.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் அவர் காரில் போனோம். ஓட்டு வீடு, முன்பக்கம் தறிக்கூடம், பின்னால் ஓர் அறை, சமையலறை. தறிகள் நின்றிருந்தன. அந்த அம்மா வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க. நீங்க வாரீங்கன்னு தறிய நிறுத்திப்போட்டமுங்க. சத்தத்துல பேச முடியாதுங்களே" என்றார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருப்பார். குளித்துப் பூ வைத்திருந்தார். ஆனாலும் காதோரம் முடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. கணவர் நூல் எடுக்கப் போயிருந்தார்.

உள்ளே பாய் விரித்திருந்தது. குழந்தையின் ஓவியங்களை எல்லாம் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. அந்த ஓவியங்களுக்கு நடுவே சுவரில் நீளவாக்கில் ஓர் இடம் மட்டும் வெளுத்து, சுத்தமாக இருந்தது. அதன் கீழே இரண்டு வயர்கள் தொங்கின. கட்டில்மேல் ஏதோ தட்டையாக, ஒரு பழைய சேலை போர்த்திப் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் நான் அங்கேயே திரும்பிப் போயிருக்க வேண்டும். நான் பாயில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

தலைவர் கோபப்படவில்லை. "ஏனுங் அம்மணி, டிவி எந்நேரமும் ஓடுமுங்களா?" என்று கேட்டார்.

அந்த அம்மா சேலை போர்த்தியிருந்த கட்டிலைப் பார்த்தார். தலை குனிந்தார். "ஓடுமுங்க. பொய் சொல்லக்கூடாதுங்க. நாங்க ரெண்டு பேரும் தறில நிப்பமுங்க. நூல் கொண்டுட்டு ஓடற நாடா தெறிச்சுதுன்னா கண்ணு போயிருமுங்க. புள்ள அந்தப்பக்கம் வந்துரக்கூடாதுன்னுதான் டிவியப் போட்டு உட்டுருவேன். அது பாட்டுக்கு ஒரு எடத்துல உக்காந்துக்குமுங்க."

தலைவர் தலையாட்டினார். நான் எழுதிக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பெண் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பாள். அம்மாவுக்கு உதவி செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

"ஆன்ட்டி ஊட்லயும் டிவி இருக்குதும்மா" என்றாள். "பீரோக்குள்ள. கதவத் தொறந்தா டிவி. அவ சொன்னா."

தலைவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அதில் சந்தேகமே இல்லை. குழந்தைப் பேச்சு என்கிற சிரிப்பு. ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம். பாயிலிருந்து எழுந்து வந்திருப்போம்.

"இல்லியே கண்ணு" என்றேன். "அவ கதை சொல்லியிருப்பா."

"இல்லீங் ஆன்ட்டி. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பாப்பாளாம். நெசமா சொன்னா."

"எங்க வீட்ல டிவியே இல்லடா கண்ணு." குரலை இனிமையாக வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"நான் பொய் சொல்லலீங்!" என்று அவள் கத்தினாள். அவள் அம்மா எட்டி அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார். "ஊட்டுக்கு வந்தவீகளப் பத்தி என்ன பேச்சுப் பேசற நீ? போ உள்ள!" பெண் அழவில்லை. என்னையே பார்த்தாள். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பிறகு அந்த அம்மா புதுக் கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைக் குடித்தேன்.

திரும்பும்போது காரில் தலைவர், "பாவமுங்க, அந்தப் புள்ள பொய் பேசவும் கத்துக்கிச்சு பாருங்க" என்று வருத்தப்பட்டார். நான் "ம்" என்றேன்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். டிவியைப் பற்றி இரண்டு வரி. அதற்குப் பிறகு, யாரும் கேட்காமலேயே ஒரு வரி சேர்த்தேன்: "குழந்தைக்கு உண்மையையும் கற்பனையையும் பிரித்தறிவதில் சிரமம் இருப்பதாகத் தெரிகிறது." எழுதும்போது என் கை நடுங்கியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. வாக்கியம் சரியாக அமைகிறதா என்றுதான் பார்த்தேன். கூட்டத்தில் அதைப் படித்தபோது ஆசிரியை மட்டும் நிமிர்ந்தார். "அவ அப்படிப் பொய் சொல்ற புள்ள இல்லீங்களே" என்றார். ஒரு பருவம் பார்ப்பது, வீட்டில் மாற்றம் இல்லையென்றால் அடுத்த வருட இடத்தைப் பரிசீலிப்பது என்று தீர்மானமானது.

பருவம் முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இரண்டு வாரத்தில் அந்த அம்மாவே வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று நான் பள்ளி வாசலில் இருந்தேன். என்னிடம் நின்று, "இத்தன நாள் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப சந்தோசமுங்க. அப்ப நாங்க வாரமுங்க" என்று கும்பிட்டார். பதிலுக்கு நானும் கும்பிட்டேன்.

அன்றிரவு சாப்பிடும்போது என் மகள் கேட்டாள்: "நான் டிவி இருக்குன்னு அவகிட்டச் சொன்னதாலயாம்மா அவ போயிட்டா?"

"சேச்சே, அதுக்கெல்லாம் இல்ல. அவங்க ஊருக்குப் பக்கத்துல வேற ஸ்கூல் கெடச்சிருச்சு."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து பள்ளியில் நடப்பதை என்னிடம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். ஏழு வயதுக்காரி என்னை அளந்து பார்த்து, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்ய ஆரம்பித்திருந்தாள். சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

ஒரு மாதத்துக்கும்மேல் அப்படியே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, கூட்டம் முடியும் நேரத்தில், அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் டிவி இருக்கிறது, அந்தப் பெண் சொன்னது உண்மை, அறிக்கையில் நான் எழுதியது பொய் என்று. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எல்லா ஊட்லயும் இருக்கறதுதானுங்க. இதையெல்லாம் போயிப் பேசிக்கிட்டு" என்றார். இன்னொருவர் லேசாகச் சிரித்தார். திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர்கள் மன்னிக்க அவசரப்பட்டது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில், "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லீட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அங்கதானுங்க மொதல்ல சொல்லோணும்." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை மதியம் சிங்காநல்லூரில் பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் தறியை நிறுத்திவிடுவார்கள். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் வாசலிலேயே நெஞ்சில் இடித்தது. அந்த அம்மா இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்றிருந்தார், உள்ளே கணவர். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கு உங்க பொண்ணு சொன்னது நெசமுங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் கத்தினேன்: "எங்க வீட்ல டிவி இருக்குதுங்க! நான்தான் பொய் சொன்னேன்!"

அவர் கணவர் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். சத்தம் அடங்கியபிறகு அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "தெரியுமுங்க்கா."

"எப்பங்க தெரியும்?"

"அன்னிக்கேதானுங்க. உங்க மொகத்தப் பாத்தனுங்களே. ஊட்டுக்கு வந்தவீக அந்த அய்யா முன்னால அப்படி நிக்கறீங்க. எனக்கு ஒண்ணும் ஓடலீங்க. புள்ளய அடிச்சுப்போட்டேன்."

என்னைக் காப்பாற்றத்தான் அவர் தன் குழந்தையை அடித்திருக்கிறார். அந்த வீட்டைச் சோதிக்கப் போன என் மானத்தை. உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன்.

பெண் நான்கு மணிக்கு வந்தாள். பக்கத்துப் பள்ளிச் சீருடை, தோளில் கனத்த பை. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். "நீ சொன்னது நெசம் கண்ணு. எங்க வீட்ல டிவி இருக்கு. ஆன்ட்டிதான் பொய் சொன்னேன். தப்பு" என்றேன். அவள் தன் அம்மாவிடம் திரும்பினாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல."

"ஆமா சாமி, சொன்னே" என்றார் அம்மா. "அம்மா உன்ன அடிச்சிருக்கக்கூடாது."

பெண் பையைக் கழற்றி வைத்துவிட்டு, தின்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

மறுபடி எங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்வோம், நான் பேசுகிறேன் என்றேன். அந்த அம்மா சிரித்தார். "வேண்டாமுங்க்கா. இங்க அவளுக்கு நல்லா செட்டாயிருச்சுங்க. யாரும் ஊட்டுக்கு வந்து பாக்கறதில்லீங்க." குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

குழுவிலிருந்து விலகினேன். அந்த அறிக்கையைக் கிழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கோப்பில் வைத்தேன். உறுதிமொழியை இன்னும் பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாக்கியம் நன்றாக இருக்கிறது என்று மாற்றவில்லையாம்.

என் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப அவ ஊட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போறயா?" என்றாள். அது நடந்து பத்து மாதம் ஆகிறது. சூலூர் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வாசலில் மறுபடி போய் நிற்க எனக்கு இன்னும் முகமில்லை. அதையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.