அம்மா சத்தியம் செய்த கிழமை

எங்கள் வீட்டில் எந்த இரகசியமும் ஒரு நாளைத் தாண்டி உயிரோடு இருந்ததில்லை. அம்மா தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தார். யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யாருடைய விசா மறுக்கப்பட்டது, எந்த மாப்பிள்ளை வீட்டார் கூறைச்சேலையில் பிழை பிடித்தார்கள் என்பதெல்லாம் பின்னேரம் அம்மாவோடு சேர்ந்து எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிடும். உணவகத்துக்கு வேலைக்குப் புறப்படும் வரை அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். அவர் அதிகம் பேசமாட்டார். பேச அவசியமும் இருக்கவில்லை. அம்மா இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மாவின் பெயருக்கு நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. அப்பா அதை உறையோடு மேசையில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் எட்டி நின்று பார்த்தார்.

“என்ன செய்தனீர்? ஆரோடையும் சண்டை பிடிச்சனீரோ?”

“நான் ஒண்டும் செய்யேல்லையப்பா” என்றார் அம்மா.

அடுத்த நாள் அவர் நகரசபைக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தபோது முகம் மாறியிருந்தது. பெரிய குற்ற வழக்குகளில் நீதிபதிகளோடு சாதாரண மனிதர்களும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்களாம். வாக்காளர் பட்டியலில் இருந்து சீட்டுக் குலுக்கி ஆட்களை எடுப்பார்களாம். அம்மா பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து, வாக்களிக்கப் பதிந்திருந்தார். அப்பாவிடம் இருந்தது பத்து வருட விசாதான். அதனால் அவர் பெயர் எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது.

“ரெண்டுதரம் குலுக்கி ரெண்டுதரமும் என்ரை பேர் விழுந்திருக்காம். இனி வழக்குக்கு முன்னாலை அங்கை வைச்சு இன்னொருக்கால் குலுக்குவினமாம். லொத்தர்ச் சீட்டெண்டால் விழாது, இது விழுது!”

“வருத்தம் எண்டு சொல்லிப்போட்டு நில்லும்” என்றார் அப்பா.

“பொய் சொல்லச் சொல்லுறியளோ? என்னட்டை அபிப்பிராயம் கேக்கக் கூப்பிட்டிருக்கினம். உங்கடை வீட்டிலை ஆரும் கேட்டதுண்டோ?”

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.

அம்மாவுக்கு ஒரு கவலைதான் இருந்தது. தெரிவானால் எல்லோர் முன்னாலும் கையை உயர்த்தி, சத்தியம் செய்கிறேன் என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். ‘ஜு லு ஜூர்.’ மூன்றே சொற்கள். ஆனால் உதட்டைக் குவித்துச் சொல்லும் கடைசிச் சொல் அவருக்கு வரவில்லை. அவர் சொன்னால் ‘நாள்’ என்ற பொருள் வந்தது. “அம்மா, சத்தியம் செய்யச் சொன்னால் நீங்கள் ‘நான் நாள்’ எண்டு சொல்லுறீங்கள்” என்று நான் சிரிப்பேன். அம்மா கோபிக்காமல், பருப்பைக் கிண்டியபடி திரும்பவும் உதட்டைக் குவிப்பார்.

வழக்கு நடந்த கிழமை முழுவதும் எனக்குப் பாடசாலை விடுமுறை. அப்பா வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னார். அம்மாவைப் பொய் சொல்லச் சொன்னவர் கடைசியில் தானே ஒன்றைச் சொன்னார். திங்கட்கிழமை மூவரும் மெத்ரோ ரயில் பிடித்து நீதிமன்றத்துக்குப் போனோம். அம்மா கடைக்காரி இரவல் தந்த நீலச் சேலை உடுத்து, மேலே தடித்த குளிர்க்கோட்டுப் போட்டிருந்தார்.

மண்டபத்தில் அம்மா முன்வாங்கில் அழைக்கப்பட்டவர்களோடு இருந்தார். நானும் அப்பாவும் கடைசி வாங்கில். கண்ணாடித் தடுப்புக்குள், இரண்டு காவலர்களுக்கு நடுவில், அளவு பெரிதான வெள்ளைச் சட்டை போட்ட ஒரு இளைஞன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவப்பு அங்கி அணிந்த தலைமை நீதிபதி ஒரு பெட்டிக்குள் கையை விட்டுப் பெயர் எடுத்தார். பாடசாலை விழாவில் பரிசுச் சீட்டு எடுப்பதுபோல் இருந்தது எனக்கு. பெயர் வந்தவர் எழுந்து முன்மேடைக்கு நடந்தார். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெரியவர் நாற்காலியை நெருங்கியபோது, இளைஞனின் வழக்கறிஞர் எழுந்து, “ரெக்யூஸே” என்றார். இவர் வேண்டாம் என்று பொருள். காரணம் சொல்ல வேண்டியதில்லையாம். பெரியவர் காது சிவக்கத் திரும்பி வந்தார்.

“கொம்மாவுக்கும் அப்பிடிச் சொல்லட்டும்” என்று அப்பா முணுமுணுத்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

அடுத்ததாக நீதிபதி ஒரு துண்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, மூச்செடுத்துக்கொண்டு வாசித்தார். எங்கள் நீண்ட பெயர் நாலு துண்டாக உடைந்து வந்தது. அம்மா எழுந்தார். அதே நேரத்தில் அப்பாவும் எழுந்துவிட்டார். அம்மா மேடைக்கு நடந்து முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை. காவலாளி கையால் சைகை காட்டினான். அப்பா அதைக் காணவில்லை. வழக்கறிஞர் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் தாள்களைப் புரட்டினார். அம்மா நாற்காலியில் அமர்ந்தார்.

ஆட்கள் நிரம்பியதும் எல்லோரும் எழுந்து நிற்க, நீதிபதி சத்தியப் பிரமாணத்தை வாசித்தார். வெறுப்புக்கோ பயத்துக்கோ பாசத்துக்கோ செவி கொடுக்கக் கூடாது. உள்ளே பேசி முடிவெடுத்ததை, எல்லாம் முடிந்த பிறகும் வெளியே சொல்லக் கூடாது. ஒவ்வொருவராகக் கை உயர்த்தினார்கள். அம்மாவின் முறை வந்தபோது நான் என் உதட்டைக் குவித்துக்கொண்டேன். அவர் சொன்னது ‘சத்தியம்’ என்று கேட்டதா ‘நாள்’ என்று கேட்டதா, எனக்கு நிச்சயமில்லை. நீதிபதி தலையசைத்தார்.

அதன்பின் சிறுபிள்ளைகள் இருக்கக் கூடாது என்று காவலாளி எங்களை வெளியே அனுப்பினான்.

அன்று பின்னேரம் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. அம்மா பேசவில்லை. கோப்பி இயந்திரத்தைப் பற்றியும் பக்கத்து நாற்காலிப் பெண்ணின் வாசனைத் தைலத்தைப் பற்றியும் சொன்னார். வழக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொண்டி என்ற புறநகரிலிருந்து சின்னம்மா, வழக்கைப் பற்றிச் சொல்லும்படி தொலைபேசியில் கெஞ்சினார்.

“சத்தியம் பண்ணிப்போட்டன், கேளாதை” என்றார் அம்மா.

யாரும் போய் உட்கார்ந்து கேட்கக்கூடிய பகிரங்க விசாரணை அது. அம்மா அதையும் சேர்த்தே பூட்டி வைத்தார். சின்னம்மா கோபித்துக்கொண்டு அந்தக் கிழமை முழுக்கப் பேசவில்லை.

அப்பா எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் என்னையும் கூட்டிக்கொண்டு நீதிமன்ற வாசலில் போய் நின்றார். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போவோம். மழை தூறினால் எதிர்ப்பக்கக் கூரைக்குக் கீழே ஒதுங்குவோம்; அங்கிருந்தும் வாசல் தெரிய வேண்டும்.

“அம்மா எப்பிடியும் வருவாதானே. நாங்கள் வீட்டை போவம்” என்று நான் அழுதேன்.

“ஓம், வருவா. வந்தாப்பிறகு போவம்.”

வியாழக்கிழமை தீர்ப்பு. இருட்டிய பிறகுதான் கதவு திறந்தது. அம்மா தனியாக வெளியே வந்து படியிறங்கினார். அப்பா ஓடிப்போய் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

நான் வளர்ந்து பெரியவளான பிறகு அம்மா எனக்குச் சொன்னார். ஊரில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் ஆட்களைப் பாடசாலை மைதானத்தில் இருத்தி, பெயர் வாசித்து எழுப்பினார்களாம். என் பெரியப்பாவின் பெயரும் வந்ததாம். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். தம்பியான அப்பா, முகாம் வாசலில் நாட்கணக்காக நின்றாராம். பெரியப்பா வெளியே வரவில்லை.

அந்த இளைஞனுக்கு என்ன தீர்ப்பு, அம்மா எந்தப் பக்கம் நின்றார் என்பதை அம்மா இன்றுவரை சொல்லவில்லை.

அன்று மெத்ரோவில் எனக்கு இதொன்றும் தெரியாது. அம்மா இருக்கையில் அமர்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா அவர் முன்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு சிரித்தார், பல்லெல்லாம் தெரிய. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். வழக்கில் அம்மா தோற்றுவிட்டார் போலிருக்கிறது, அப்பா வேண்டுமென்றே பகிடி பண்ணுகிறார் என்று நினைத்து, அவர் காலை ஓங்கி மிதித்தேன்.