டூப்ளிகேட் காயில்

கோபம் வந்தால் எங்கள் சொந்தத்தில் மற்றவர்களெல்லாம் மலையிறங்கிப் போவார்கள். என் மாமா ஒருவர்தான் கோபம் வந்தால் மலையேறி வருவார். சேலத்தில் வண்டியை எடுக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். அடிவாரம் தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குரல் ஏறும். ஏற்காடு கடைவீதியில் எங்கள் கடைமுன் வந்து நிற்கும்போது பேச்சு பாதியில் இருக்கும். முன்பாதியை மலை கேட்டிருக்கும், பின்பாதிதான் எங்களுக்கு.

அவர் அம்மாவின் தம்பி. சேலத்தில் ஒரு சந்துக்குள் காப்பி மெஷின்களுக்கும் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின்களுக்கும் உதிரிச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். கல்யாண மண்டபங்களில் உஸ்ஸென்று சீறிக்கொண்டு நிற்கும் எக்ஸ்பிரஸ் காப்பி மெஷினிலிருந்து, பெரிய ஓட்டல்களில் கண்ணாடிபோல் பளபளக்கும் வெளிநாட்டு மெஷின் வரை எதற்கு என்ன வேண்டுமென்றாலும் அவரிடம் இருக்கும். ரப்பர் வளையம், சல்லடை, வால்வு, கொட்டை அரைக்கிற பல், தண்ணீரைச் சூடாக்குகிற காயில். டூப்ளிகேட் மட்டும் இருக்காது. 'டூப்ளிகேட் வேண்டுவோர் அடுத்த கடைக்குச் செல்லவும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு போர்டு எழுதித் தொங்கவிட்டிருந்தார். அடுத்த கடைக்காரரும் அதே வியாபாரம்தான் செய்துவந்தார். அந்தப் போர்டு வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அத்தா மலையில் ரிப்பேர் வேலை பார்த்தார். எஸ்டேட்டுகளில் கொட்டை அரைக்கும் மெஷின், டீக்கடை பாய்லர், பிறகு ரிசார்ட்டுகள் வந்ததும் அவற்றின் காப்பி மெஷின்கள். சாமான் எல்லாம் மாமா கடையிலிருந்துதான் பஸ்ஸில் ஏறி வரும். மாமா பேசிக்கொண்டே இருப்பார், அத்தா பேசவே மாட்டார். அதனாலேயே இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

எனக்கு மாமாவைத்தான் பிடிக்கும். அதைச் சொல்லிவிட வேண்டும். கடைக்குப் போனால் சின்னப் பெண்ணான என்னை மேசைமேல் தூக்கி உட்காரவைத்து, காயிலின் அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்து முத்திரையைப் பிரிக்கச் சொல்வார். "பாத்தியா சாமி, இதுதான் அசல். ஒருத்தன் ஏமாந்து என் கடைய விட்டு எறங்கினான்னு இருக்கக் கூடாது" என்பார். நடந்ததைச் சொல்லப்போகிறேனே, அந்தக் காயிலின் முத்திரையையும் நான்தான் பிரித்தேன்.

அது மே மாதம், பள்ளி விடுமுறை. கோடை விழாவுக்கு வந்த கூட்டத்தில் ஏரிக்கரைச் சாலையில் கால் வைக்க இடமில்லை. கரடியூர்ப் பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல் புதிதாக ஒரு காப்பிக்கடை திறந்திருந்தார்கள். முதலாளி வெளியூர்க்காரர். அந்தக் கடை மெஷினுக்கு அத்தா புதுக் காயில் மாட்டிக் கொடுத்து அதிக நாளாகவில்லை. அது செத்துப்போய்விட்டது என்று போன் வந்தது. குளிர்ந்த காப்பி வாங்கித் தருவதாக அத்தா சொன்னதால் நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

உள்ளே கூட்டம் நிரம்பியிருந்தது. ஆனால் ஒருவர் மேசையிலும் காப்பி இல்லை. முதலாளி அத்தாவை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. மெஷினைக் காட்டிக் கத்த ஆரம்பித்தார். மெஷினுக்குப் பக்கத்தில் கொட்டச்சேட்டிலிருந்து வேலைக்கு வரும் அக்கா நின்றிருந்தாள். காப்பி போடுவது அவள்தான். முன்பு ஒருமுறை வந்தபோது பாலின் நுரையில் எனக்கு ஒரு இலை வரைந்து கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு என்னைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. ஒரு கையை ஏப்ரன் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

அத்தா மெஷினின் முதுகைக் கழற்றி பாய்லரைத் திறந்தார். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு காயிலை உருவி எடுத்தார். அது முழுக்கக் கருகி, சுள்ளிபோல் முறுக்கிக்கொண்டிருந்தது. அத்தா காயிலைப் பார்த்தார். அந்த அக்காவைப் பார்த்தார். ஏப்ரனுக்குள் இருந்த கையைப் பார்த்தார்.

"சொல்லுங்க பாய்," என்றார் முதலாளி. "நீங்க போட்ட காயில் டூப்ளிகேட்டா, இல்ல இவ ஏதாவது பண்ணித் தொலைச்சாளா? ரெண்டுல ஒண்ணு எனக்கு இப்பவே தெரியணும். இவளா இருந்தா இன்னியோட வேலை காலி. அதோட விடமாட்டேன், ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுப்பேன். கை ராசி அப்படி, போன மாசம் கிரைண்டர் போச்சு, இந்த மாசம் இது."

கூட்டம் முழுதும் திரும்பிப் பார்த்தது. அத்தா காயிலைத் துணியில் சுற்றினார்.

"டூப்ளிகேட்டுங்க," என்றார். "தெரியாம மாட்டிட்டேனுங்க. தப்பு என்னோடதுதான்."

எனக்குக் காதில் தீ வைத்ததுபோல் இருந்தது. "பொய்!" என்று கத்தினேன். "எங்க மாமா கடைல வாங்கினது. பெட்டியோட சீல நாந்தான் பிரிச்சேன். ஒரிஜினல்!"

அத்தா என் தோளைப் பிடித்து அழுத்தினார். "வாய மூடு," என்றார். என்னிடம் அவர் அதுவரை அப்படிப் பேசியதே இல்லை. காயில் என் மாமா கடையிலிருந்து வந்தது என்று முதலாளிக்கும் இப்போது தெரிந்துவிட்டது. "ஓஹோ, குடும்பமா சேந்து செய்யறீங்களா?" என்றார். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். திருடன் என்றார். மலையில் ஒரு கடையிலும் இனி உன்னைக் கால் வைக்க விடமாட்டேன் என்றார். 'ங்க' போய் 'நீ' வந்து, பிறகு அதைவிடக் கீழேயும் போயிற்று. அத்தா தலையைக் குனிந்துகொண்டே ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். அந்த அக்கா வாயைத் திறந்தாள். அத்தா அவள் பக்கம் திரும்பி, "நீங்க போயி வேலையப் பாருங்க கண்ணு" என்றார். அவள் மூடிக்கொண்டாள்.

குளிர்ந்த காப்பியைப் பற்றி நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு வளைவில் அத்தா வண்டியை நிறுத்தினார். பையிலிருந்து காயிலை எடுத்தார். கைப்பிடிச் சுவருக்கு அப்பால், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, கண்ணுக்கெட்டாத பள்ளத்தில் அதை வீசி எறிந்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் வண்டியைக் கிளப்பினார். நான் அவர் முதுகைப் பிடித்துக்கொள்ளாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பெரிய தண்டனை அதுதான்.

முதலாளி சொன்னதைச் செய்தார். ரிசார்ட்காரர்கள் எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பிவிட்டார். ஒருவர் பின் ஒருவராக வந்து, தங்கள் மெஷினில் அத்தா போட்டது அசலா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்டவர்கள் பிறகு வரவில்லை. செய்தி மலையிறங்கி மாமாவின் சந்துக்கும் போயிற்று. அங்கே அடுத்த கடைக்காரர் சும்மா இருப்பாரா? 'அசல் சாமான் இங்கேதான் கிடைக்கும்' என்று அவரும் ஒரு போர்டு எழுதி, மாமாவின் போர்டுக்கு நேரே மாட்டிவிட்டார்.

மாமா மலையேறி வந்தார்.

"மச்சான், என்னங்க இது?" என்று ஆரம்பித்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "என் கடைச் சாமான டூப்ளிகேட்னு உங்க வாயால சொன்னீங்களா? ஊரே சொல்லுது, நான் நம்பல. இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே கரடியூர் போயி அந்தாள நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

"சொன்னேன் மாப்ள," என்றார் அத்தா.

"ஏனுங்க சொன்னீங்க?"

அத்தா ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தக் காயிலக் குடுங்க. ஒரு தடவ பாத்தாப் போதும். எதனால செத்துச்சுன்னு நான் சொல்லிருவேன்."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"பள்ளத்துல வீசிட்டாரு மாமா," என்றேன் நான். "வண்டிய நிறுத்தி, வேணும்னே வீசினாரு."

மாமா என்னைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அக்கா, நான் கெளம்பறேன்" என்றார். உள்ளே அம்மா பிரியாணிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வாசனை கடைவீதிவரை வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பிரியாணி அடுப்பில் இருக்கும்போது ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போனால், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மா அதன்பின் அத்தாவோடு பேசவில்லை. பாத்திரங்கள் பேசின. தட்டு வைக்கிற சத்தத்திலேயே அன்றைய திட்டு முழுவதும் இருக்கும். ஒருநாள் மட்டும் வாய் திறந்து, "உங்க பேரக் கெடுத்துக்குங்க, அது உங்க இஷ்டம். என் தம்பி பேர எதுக்குங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள். அத்தா சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "அந்தாளுதான் அந்த வார்த்தையச் சொன்னான். நான் ஆமான்னுட்டேன்" என்றார். நான் அம்மா பக்கம். அத்தா கொண்டுவந்த மிட்டாயை அவர் பார்க்கும்படியாகவே குப்பையில் போட்டேன்.

கோடை விழாக் கூட்டம் இறங்கிப்போய், மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டச்சேட்டு அக்கா எங்கள் கடைக்கு வந்தாள். அத்தா ஒரு எஸ்டேட்டுக்கு மெஷின் பார்க்கப் போயிருந்தார். கடையில் அம்மாவும் நானும்தான். கையில் ஒரு பலாப்பழத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, நனைந்தபடி வாசலில் நின்றாள். அந்தக் காப்பிக்கடையிலிருந்து வந்திருக்கிறாள் என்றதுமே எனக்குப் பற்றிக்கொண்டது. அவளுடைய முதலாளிதான் இன்னும் திட்டி முடிக்காமல் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"எங்க மாமா டூப்ளிகேட் விக்க மாட்டாரு!" என்று அவள் முகத்துக்கு நேரே கத்தினேன்.

அவள் பழத்தைக் கீழே வைத்தாள். "தெரியும் கண்ணு," என்றாள். "எனக்கு நல்லாத் தெரியும்."

நான் திகைத்துப்போனேன். இத்தனை நாளில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை.

"ஏனுங்கக்கா," என்று அவள் அம்மாவிடம் திரும்பினாள். "அண்ணன் இல்லீங்களா?" அதற்குள் அழுகை வந்துவிட்டது. "கூட்டத்துல தண்ணி தீந்தத நான் பாக்கலீங்க. மெஷின் பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. பொகை வரவும் பயந்துபோயி மூடியத் தொறந்துட்டேன், ஆவி அடிச்சிருச்சு. அந்தாளு கிட்டச் சொல்லியிருந்தா..."

அம்மா கடையிறங்கிப் போய் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது.

"நீ உள்ள போ சாமி," என்றாள் அம்மா என்னிடம்.

போனேன். தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டும் ஒன்றும் விளங்கவில்லை. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தபோது அம்மா அவளை ஸ்டூலில் உட்காரவைத்து டீ கொடுத்திருந்தாள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். போகும்போது அம்மா அவளிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "வேலைய விட்ராத. யாரு கிட்டயும் இதச் சொல்லாத."

அன்று மாலை அத்தா வந்தார். அம்மா அவருக்கு எதிரில் உட்கார்ந்து பலாப்பழத்தை அறுத்து, எண்ணெய் தொட்டுக்கொண்டு சுளை சுளையாக எடுத்துத் தட்டில் வைத்தாள். தட்டு சத்தம் போடவில்லை. ஆனாலும் அம்மாவின் கண்ணில் கோபம் தீர்ந்திருக்கவில்லை. பின்னாளில் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "உங்கத்தா செஞ்சது நல்லதுதான். காயில மாட்டினதுல எம் மேல தப்புன்னு அவரு சொல்லியிருந்தாலும் அந்தப் பொண்ணு தப்பிச்சிருக்கும். அதுக்கு என் தம்பி எதுக்கு?" எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஒரு பெண்ணின் வெந்த கையைப் பார்க்காமல் கருகிய காயிலுக்காகக் குதித்த அந்த முதலாளியை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் இதெல்லாம் வளர்ந்த பிறகு. அன்றைக்கு எனக்குக் கையில் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு சாட்சி.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். மாமாவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கச் சொன்னேன்.

"மாமா, உங்க காயில் டூப்ளிகேட் இல்லேன்னு ஒருத்தங்க சொல்லிட்டாங்க! அந்தக் காப்பிக்கடையில மெஷின் ஓட்டற அக்கா. பலாப்பழம் குடுத்துட்டுப் போனாங்க. நல்லாத் தெரியும்னாங்க!"

"அவங்களுக்கு எப்படி சாமி தெரியும்?"

"தெரியல மாமா. அழுதாங்க. தண்ணி தீந்துருச்சுன்னு என்னமோ சொன்னாங்க. கையெல்லாம் வெந்திருந்துச்சு."

மறுபக்கம் சத்தமில்லை. டவர் போய்விட்டது என்று நினைத்து இரண்டு மூன்று தடவை மாமா, மாமா என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்," என்றார். குரல் மாறியிருந்தது. "அம்மா என்ன சொன்னாங்க?"

"யாருகிட்டயும் சொல்லாதன்னு அவங்ககிட்டச் சொன்னாங்க."

"செரி. நீயும் சொல்லாத கண்ணு. என் கிட்டச் சொன்னதையும் சொல்லாத."

என்னால் நம்ப முடியவில்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே வருவார், எங்களோடு கரடியூர் போவார், அந்த முதலாளியை எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார், அந்த அக்காவை நிறுத்திச் சொல்லவைப்பார், சந்தில் அடுத்த கடைக்காரரின் போர்டைக் கழற்றவைப்பார் என்று நான் எவ்வளவோ எண்ணியிருந்தேன். "அப்ப உங்க பேரு, மாமா?" என்று கேட்டேன்.

"பேருக்கு என்ன, கெடக்குது," என்றார் அந்த மனிதர். "அடுத்த வாரம் வர்றேன். அக்காவ பிரியாணி போடச் சொல்லு."

அத்தா பொய் சொல்கிறார், அம்மா மறைக்கிறாள், இப்போது மாமாவும் சேர்ந்துகொண்டார். இந்த வீட்டில் உண்மை பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன்.