அண்ணனின் ஒற்றை வெள்ளைப் பல்

பம்பாய் வந்த புதிதில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்துவிட்டால் குரல் மட்டும்தான் வெளியே போகும். பல்லை யாரும் பார்க்க மாட்டார்கள்.

என் முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் இருந்தன. திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அப்படி. அதைக் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் பல்லில் துரு ஏறினது போல ஒரு நிறம் உண்டு. ஊரில் இருந்தவரை அது குறையாகவே தெரியவில்லை. பம்பாயில்தான், சிரிக்கும்போது கை தானாக வாயருகே போக ஆரம்பித்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. தாராவியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஃபிட்டர். அவருக்கும் அதே பல்தான். ஆனால் அவர் அதை மறைத்து நான் பார்த்ததில்லை. சிரித்தால் அடுத்த சந்துக்குக் கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஆபீஸை மாற்றியமைத்தார்கள். டெலிபோன் சுவிட்ச்போர்டு வாசல் ஹாலுக்கு வந்தது. வருகிறவர்களை விசாரித்து உள்ளே அனுப்புவதும் என் வேலை ஆயிற்று. சில நாட்கள் பார்த்துவிட்டு மேலதிகாரி, கடுமையாக இல்லாமல்தான், “வருகிறவர்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கலாமே” என்றார். அன்று ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் மனைவியிடம் சொன்னேன். மைனி கடற்கரை ஊர்க்காரர். அவர் பல் பளிச்சென்று இருக்கும். “மாட்டுங்காவுல ஒரு பல் டாக்டர் இருக்காராம், தமிழ் ஆளுதான். சனிக்கிழமை போவோம்ட்டி” என்றார்.

டாக்டர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். சிறிய கண்ணாடியை வாய்க்குள் விட்டு நிதானமாகப் பார்த்தார்.

“இது அழுக்கில்லை. பல்லுக்குள்ளேயே ஊறின கறை. தேய்ச்சாப் போகாது” என்றவர், ஒரு பட்டையில் வரிசையாகப் பதித்த பீங்கான் பற்களைக் காட்டினார். வெள்ளையில் இத்தனை வெள்ளை உண்டென்று அன்றுதான் தெரிந்தது. நான் எல்லாவற்றிலும் வெளுத்ததைத் தொட்டேன்.

“இது உங்க முகத்துக்குப் பொய்யாத் தெரியும். அதை விடுங்கோ. பல்லு மேல இந்தப் பீங்கான் உறையைப் போடணும்னா, உங்க பல்லைச் சுத்தி அரத்தால தேய்க்கற மாதிரி ராவணும். ராவினா ராவினதுதான், திரும்பி வளராது. இன்னொரு வழி, மருந்து தடவி விளக்குச் சூட்டுல வெளுக்கறது. பல் உங்களோடதாவே இருக்கும். ஆனா முழுக்கப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் திரும்பவும் வரலாம். ஆத்துல பேசிண்டு வாங்கோ.”

மாடிப்படி இறங்கும்போதே மைனி தீர்ப்புச் சொல்லிவிட்டார். “உறையே போட்டுருட்டி. ஒரே வேலையா முடிஞ்சிரும்.”

எனக்கும் அந்தப் பீங்கான் வெள்ளையின் மேல்தான் ஆசை. ஆனால் ராவின பல் திரும்பி வளராது என்று டாக்டர் சொன்னது பயமுறுத்தியது. சூட்டு விளக்கும் பயமாக இருந்தது. சாப்பிடும்போது அண்ணனிடம் இரண்டையும் சொன்னேன்.

“கரும்பு கடிக்கிற பல்லைப் போய் ஏன் ராவணும்? மருந்து போட்டுப் பாரு” என்றார்.

“சூடு வச்சுச் செய்யுதாவளாம் அண்ணே. பயமா இருக்கு.”

அவர் தட்டிலிருந்த சோற்றை வழித்து முடித்தார். பிறகு, “சரி, நானும் வாரேன்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் போனோம். என்னைக் கூப்பிட்டதும், நான் எழுவதற்குள் அண்ணன் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“மொதல்ல எனக்கு ஒரு பல்லுல பண்ணுங்க டாக்டர். வலிச்சாச் சொல்லுதேன். அப்புறம் தங்கச்சிக்குப் பண்ணலாம்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இதென்ன, தையல் கடையில துணியைத் தொட்டுப் பாக்கற மாதிரியா?”

“ரெண்டு பேருக்கும் அதே தண்ணி, அதே கறைதானே டாக்டர்.”

டாக்டருக்கு அதில் நியாயம் தெரிந்திருக்க வேண்டும். ஈறில் களிம்பு தடவி, ரப்பர் துணியால் மற்ற பற்களை மூடி, ஒரே ஒரு முன்பல்லில் மருந்தை வைத்து விளக்கைக் கிட்டே இழுத்தார். மருந்து நெடி அறை முழுக்கப் பரவியது. மைனி வாசலில் நின்று முணுமுணுவென்று ஜெபம் பண்ணினார். நான் அண்ணனின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஒருமுறை சுருங்கின, அவ்வளவுதான்.

வாய் கொப்பளித்துவிட்டு எழுந்தார். பழுப்பு வரிசைக்கு நடுவே அந்த ஒன்று மட்டும் உரித்த பூண்டுப் பல்லாக நின்றது.

“வலிக்கலட்டி. கொஞ்சம் கூசுது, வேற ஒண்ணுமில்ல. உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். அதன் பிறகு பல சனிக்கிழமைகள் போனோம். திட்டுகள் மெல்ல மங்கின. உற்றுப் பார்த்தால் தெரிகிற இரண்டு கீற்றுகள் மட்டும் மிஞ்சின. கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பழகினேன். பீங்கான் போல இல்லை. ஆனால் என் முகத்துக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

அண்ணனின் மற்ற பற்களையும் சேர்த்தே வெளுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். “வேண்டாம் டாக்டர். தங்கச்சிக்குத்தானே வந்தோம்” என்று அவர் மறுத்துவிட்டார். ஆலையில் கூட்டாளிகள், “ஏக் ஹீ தாந்த் தோயா க்யா?” என்று, ஒரு பல்லை மட்டுமா கழுவினாய் என்று, கேலி செய்வார்களாம். “பாக்கி சண்டே கோ” என்பாராம் இவர். மிச்சம் ஞாயிற்றுக்கிழமைக்கு. சர்ச்சில் பார்க்கிறவர்களுக்கும் அதே பதில்தான். சில வருஷங்களில் அந்தப் பல்லும் மங்கி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

இப்போது நினைத்தால் டாக்டரின் அறையை விட, அங்கிருந்து திரும்பி வந்ததுதான் கண்ணில் நிற்கிறது. காபி, டீ கூடாது என்று எனக்குக் கட்டளை. மாட்டுங்கா ஓட்டலில் அவர்கள் இருவரும் காபியை ஆற்றி ஆற்றிக் குடிக்க, நான் வெறும் பாலோடு அந்த வாசனையில் உட்கார்ந்திருப்பேன். பிறகு மைனி பூக்கடையில் கதம்பம் வாங்குவார். ரயில் பாலத்தைக் கடந்து தாராவிக்கு நடந்தே வருவோம். ஆலை, ஆபீஸ், தண்ணீர்க்குழாய் வரிசை என்று ஓடிய வாழ்க்கையில் மூவரும் ஒன்றாக வெளியே போனது அப்போதுதான்.

எல்லாம் முடிந்த அடுத்த சனிக்கிழமை மத்தியானம், மைனி வழக்கம்போல முகம் கழுவிப் பொட்டலத்துப் பவுடரைப் பூசிக்கொண்டு வந்து நின்றார்.

“டாக்டர் இனிமே வர வேண்டாம்னுட்டாரே மைனி” என்றேன்.

“அவரு வேண்டாம்னா காபி ஓட்டலையும் மூடிட்டானா? ஒங்க அண்ணனைக் கூப்பிடு” என்றார்.