கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் அண்ணன் எழுதிய முகம்

தணிகைமலை ஆண்டவன் காலடியில் எங்கள் அண்ணன் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவி, தாம்பூலத்தோடு இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இதுபோன்ற மலர்களில் இறந்தவரையும் புகழ்வார்கள், இருக்கிறவர்களையும் புகழ்வார்கள். இறந்தவரைப் புகழ எனக்கு ஆட்சேபம் இல்லை. இருக்கிறவர்களில் ஒருவரை மட்டும் என்னால் புகழ முடியாது. அண்ணனுடைய ஆட்டங்களுக்கெல்லாம் நோட்டீசு எழுதியவள் நான். இதையும் நானே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பொதட்டூர்பேட்டையில், தறி ஓடும் வீட்டில். அக்கா மூத்தவர், அண்ணன் நடுவில், நான் கடைசி. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா அவரைத் தறியில் உட்காரச் சொன்னால், நெய்கிற நாடாக்கட்டையை எங்கேயோ மறைத்துவிடுவார். நைனா தேடு தேடு என்று தேடுவார். கடைசியில் அது நைனாவின் மடியிலிருந்தே வரும். முதுகில் ஒன்று வைத்துவிட்டு, நைனா திரும்பி நின்று சிரிப்பார். மீசை முளைக்கும் முன்பே, ஊருக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனியோடு அண்ணன் கிளம்பிப் போய்விட்டார். அங்கே திரைச்சீலையில் படம் எழுதக் கற்றார். சித்தூர்ப் பக்கம் சுற்றிய ஒரு ஜாலவித்தைக்காரரிடம் சீட்டு வித்தையும் காசு வித்தையும் கற்றார். நைனாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானபோது திரும்பி வந்து என்னை அழைத்துக்கொண்டார். "எங்கூட வந்துடும்மா, சோத்துக்குக் கொறை வெக்க மாட்டேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அது யுத்தகாலம். மண்ணெண்ணெய்க்கு அலைய வேண்டியிருந்ததால் எங்கள் ஆட்டம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். கருப்புக் கோட்டு, தலைப்பாகையோடு அண்ணன் மேடைக்கு வந்தால் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. கைக்குட்டையைப் புறாவாக்குவார், வெறும் சொம்பிலிருந்து பால் ஊற்றுவார், பேசிக்கொண்டே கரும்பலகையில் யானையை எழுதி, அதற்கு ஊரில் உள்ள ஏதாவது பெரிய மனிதரின் மீசையை வைத்துவிடுவார். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பெட்டிக்குள் மறைந்துபோகிற பெண் நான்தான். ஆர்மோனியக்காரர் ஒருவர் இருந்தார். அவர் சாப்பிடும் முன் அண்ணன் ஒரு நாளும் இலையில் உட்கார்ந்ததில்லை.

நாலாவது ஆள் எங்கள் அக்காவின் கணவர். மணவூர்க்காரர். அண்ணன் அவரைப் பாவா என்று கூப்பிடுவார். அவருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: எங்களைத் தெரியாது என்று சொல்வது. தொழிலில் அப்படி ஒரு ஆள் வேண்டும். எங்களோடு வரமாட்டார், எங்களோடு சாப்பிடமாட்டார், டிக்கெட்டு வாங்கிக்கொண்டு ஜனத்தோடு ஜனமாக உட்கார்ந்துவிடுவார். சபையில் ஒரு பெரிய மனிதரிடம் அண்ணன் மோதிரம் வாங்குவார். அது மாயமாகும், யார் கண்ணிலும் படாமல் பாவாவிடம் போய்ச் சேரும். கடைசியில் பாவாவின் துண்டு முடிச்சிலிருந்து வெளியே வரும். "நம்ம ரெண்டு பேரும் முன்னபின்ன பார்த்திருக்கோமாங்க?" என்று அண்ணன் கேட்பார். "ஐயோ, சாமி சத்தியமா எனக்கு இந்த ஆளைத் தெரியாதுங்க!" என்று பாவா அலறுவார். அதற்குத்தான் கைத்தட்டல் அதிகம். என்ன நடிப்பு! மகராசன், நாங்களே நம்பிவிடுவோம்.

திருத்தணியில் எங்களை யாருக்கும் தெரியாது. ஒரு ஆடிக் கிருத்திகைக்கு அங்கே கூடாரம் போட்டோம். முன்வரிசையில் ஒரு வெல்ல மண்டி முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருடைய பச்சைக்கல் மோதிரத்தை அண்ணன் வாங்கினார். மாயமாக்கினார். ஆர்மோனியம் முழங்கியது. "அதோ அந்தத் துண்டுக்காரர் முடிச்சைப் பாருங்கோ!" என்றார். பாவா எழுந்து நின்று துண்டை உதறினார். ஒன்றும் விழவில்லை.

அண்ணன் சிரித்தார். பாவா விளையாடுகிறார் என்று நினைத்தார். இன்னொரு தரம் கேட்டார். பாவா நெஞ்சில் கைவைத்து, "சாமி சத்தியமா எனக்கு இந்த ஆளைத் தெரியாதுங்க. மோதிரத்தை அவரே இடுப்புல சொருவிகினத நான் என் கண்ணால பார்த்தேங்க" என்றார். அண்ணன் முகம் வெளுத்ததைப் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். "அவரு எங்க பாவாங்க! எங்க அக்கா ஊட்டுக்காரருங்க!" என்று அண்ணன் கத்தினார். நானும் ஓடிவந்து கத்தினேன். யார் நம்புவார்கள்? "திருடிட்டு மொறை வேற கொண்டாடறியா?" என்றார்கள்.

மண்டி ஆட்கள் அண்ணனை மேடையிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். மோதிரம் எங்கே என்று கேட்டுக்கேட்டு வலதுகை விரல்களை முறுக்கினார்கள். நான் முதலாளியின் காலில் விழுந்து, மணவூருக்கு ஆளனுப்பி எங்கள் அக்காவைக் கேட்கச் சொன்னேன். அனுப்பினார். அக்கா சொன்ன பதிலை இந்த மலரில் அச்சிலேயே போடுகிறேன்: "எனக்குத் தம்பியே கெடையாதுங்க."

ஒரே வயிற்றில் பிறந்தவள் சொன்ன சொல் இது. அதன்பிறகு திருத்தணியில் எங்கள் பெயர் மோதிரத் திருடன் வீடு. என்னைப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போயிருந்த கே.ஜி.கண்டிகை மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்தில் முகூர்த்தம் வைத்தார்கள். பாவாவுக்கு என்ன ஆயிற்று? கண்ணால் கண்ட சாட்சி அல்லவா! யோக்கியமான ஆள் என்று முதலாளி அவரை மண்டியிலேயே கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொண்டார். வாயில் மணக்க மணக்க வெற்றிலை, தோளில் சரிகைத் துண்டு, முதலாளிக்குப் பக்கத்தில் நாற்காலி. கேள்விப்பட்ட அன்று எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அண்ணனுக்கு வலதுகையில் இரண்டு விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. காசு வித்தையும் சீட்டு வித்தையும் போயின. இடதுகையில் சாக்கட்டியைப் பிடித்தார். அரக்கோணத்தில் நாங்கள் குடியிருந்த அறையின் சுவர் முழுக்க எழுதினார், அழித்தார், எழுதினார். என்ன படம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே முகம். "உட்டுடுணா, பகவான் பாத்துக்குவாரு" என்று ஆர்மோனியக்காரர் சொல்வார். "பகவானுக்கு ஆயிரம் வேலை இருக்குது. இதை நான் பாத்துக்கறேன்" என்பார் அண்ணன். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். திருடன் என்று சொன்ன அதே ஊர், அதே ஜனம், அதே வாயால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு வேறொரு கம்பெனியோடு சேர்ந்து திருத்தணிக்குப் போனோம். நோட்டீசை நான் எழுதினேன். 'கண்ணைக் கட்டிக்கொண்டு உருவப்படம் எழுதும் அதிசய ஓவியர்! சபையில் உள்ள கனவான்களில் ஒருவருக்கு அவரது திருவுருவம் இனாம்!' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். பாவாவுக்குத் தன் மூஞ்சியின் மேல் இருந்த ஆசை எனக்குத் தெரியும். மண்டி வாசலில் இரண்டு நோட்டீசு அதிகமாகவே ஒட்டச் சொன்னேன்.

கண்ணில் கோதுமைமாவு உருண்டையை அப்பி, மூக்குவரை கருப்புத் துணி சுற்றி, தாடி ஒட்டி அண்ணன் மேடைக்கு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பெனி மேனேஜர்தான் பேசினார். முன்வரிசையில் முதலாளியும் பாவாவும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பேர் மேடைக்கு வந்து கட்டு முடிச்சுகளை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் முதலில் மலையையும் கோயிலையும் எழுதினார். ஜனம் "அரோகரா" என்றது. அதை அழித்துவிட்டு ஒரு முகத்தை ஆரம்பித்தார். நெற்றி, சுருட்டை முடி, முறுக்கு மீசை. கண் மூடியிருக்கும்போது எப்படி எழுதினார் என்று கேட்காதீர்கள், அது தொழில். ஆனால் அந்த முகத்துக்கு அவருக்குக் கண்ணே வேண்டாம்.

"அட, நம்ம கணக்குப்பிள்ளை!" என்று கூடாரமே ஆர்ப்பரித்தது. பாவா பூரித்துப்போய் எழுந்து நின்று கும்பிட்டார். மேனேஜர் கேட்டார்: "ஐயா, இந்த ஓவியரை நீங்க இதுக்கு முன்ன பார்த்திருக்கீங்களா?"

"ஆங், நான் எங்கங்க பாக்கறது? சாமி சத்தியமா தெரியாதுங்க!"

பழக்கம் விடுமா! ஜனம் கைதட்டியது. அண்ணன் நிறுத்தவில்லை. கழுத்தை எழுதினார். தோளை எழுதினார். சட்டை போடாத மார்பை எழுதினார். இடது தோளுக்குக் கீழே வெற்றிலை அளவுக்கு ஒரு தழும்பை எழுதத் தொடங்கினார். பாவாவுக்குச் சின்ன வயதில் கொதிகஞ்சி கொட்டிய தழும்பு அது. வெட்கப்பட்டு எந்த வெயிலிலும் சட்டையைக் கழற்றமாட்டார், குளத்தில் குளித்தாலும் துண்டு போர்த்திக்கொண்டுதான் குளிப்பார். தலைதீபாவளிக்கு அவரை மணையில் உட்காரவைத்து உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துவிட்டவர் எங்கள் அண்ணன். மைத்துனன் தேய்க்க வேண்டிய எண்ணெய் அல்லவா அது.

முதலாளி படத்தைப் பார்த்தார், பாவாவைப் பார்த்தார். "இன்னாய்யா இது? உனக்கு அப்பிடி ஒண்ணு இருக்குதா?" என்றார். பாவா சட்டைக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதலாளி அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்தார். தழும்பு, எழுதிய இடத்தில் எழுதியபடி இருந்தது. அண்ணன் கண்கட்டை அவிழ்த்தார், தாடியைப் பிய்த்தெறிந்தார். பாவா மேடைக்கு முன்னால் விழுந்து, "மச்சான்! வேணாம் மச்சான்! உட்டுடு மச்சான்!" என்று கத்தினார்.

மச்சானாம்! திருத்தணி முழுக்க அதைக் கேட்டது. மோதிரம் எங்கே என்று இந்த முறை அவரைக் கேட்டார்கள். இரண்டாவது அறை விழுந்ததுமே சொல்லிவிட்டார். மணவூர் வீட்டு நெற்குதிருக்குள்ளிருந்து ஆட்கள் போய் எடுத்துவந்தார்கள். அதற்குள் ஜனம் அவரை மொட்டையடிக்கிற இடத்துக்கு இழுத்துப் போய், தலையில் பாதியையும் மீசையில் பாதியையும் வழித்துவிட்டது. மீதியையும் வழிக்கட்டுமா என்று நாவிதர் அண்ணனைக் கேட்டார். "முழுசா வழிச்சா சாமிக் கணக்குல போயிடும். பாதியாவே இருக்கட்டும்" என்றார் அண்ணன். அந்தக் கோலத்தில் அவரை ரயில் நிலையம்வரை நடத்திக்கொண்டு போனார்கள். நான் கூடவே போனேன். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே போனேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் நாங்கள் திருத்தணியிலேயே குடியேறினோம். திருடன் என்றவர்களே, "ஓவியரே, ஒரு படம் எழுதிக் குடுங்க" என்று வந்தார்கள். அண்ணன் மகிழ்ச்சியாகவே இருந்தார். சென்ற ஆண்டு மஞ்சள்காமாலை கண்டது. கடைசி நாட்களில் அக்கா வருவாரா என்று ஒரே ஒரு தரம் கேட்டார். ஆளனுப்பினேன். வரவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

இனி நன்றி. படுக்கையில் கிடந்தவரைப் பெற்ற பிள்ளைபோல் தூக்கி எடுத்துப் பார்த்துக்கொண்ட ஆர்மோனியக்காரருக்கு என் உயிர் உள்ளவரை நன்றி. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த வைத்தியருக்கும், பந்தலுக்குத் துணி கொடுத்த பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களுக்கும் நன்றி. மண்டி முதலாளி மன்னிப்புக் கேட்டுத் தட்டு நிறையப் பழம் கொண்டுவந்தார். அண்ணன் மன்னித்தார். நான் பழத்தை மாட்டுக்குப் போட்டேன். அவருக்கு நன்றி இல்லை.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன்பு எங்கள் சித்தப்பா வந்தார். மணவூரிலிருந்து தூது. "நடந்தது நடந்துபோச்சு. அவங்க பசங்களுக்குக் கல்யாண வயசு. புத்தகத்துல அவரு பேரை மட்டும் போட்டுடாதம்மா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றார். பெரியவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். சரி சித்தப்பா, போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதலிலிருந்து படித்துப் பாருங்கள், அவர் பெயர் எங்கேயும் இல்லை.

எங்கள் அண்ணனுக்கு ஒரே ஒரு அக்காதான். அந்த அக்காவுக்கு ஒரே ஒரு வீட்டுக்காரர்தான்.