நாற்பத்தைந்தே கால்

பொமோனா பழைய வண்டிச் சந்தையிலிருந்து அந்த பாபர் மோட்டார் சைக்கிளை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, முன்சீட்டில் வெர்னா மடாக்கின் மடியில் ஒரே மாதிரி இரண்டு பின்விளக்குகள் இருந்தன. ஒன்றை அவள் புருஷன் ஆரின் காலை ஏழு மணிக்கு வாங்கினான். இன்னொன்றை எட்டு மணிக்கு, அதே ஆளிடம்.

"ஏன் பெரியவரே, உங்க வண்டிக்கு ரெண்டு பின்பக்கமா?" என்று அந்த ஆள் கேட்டதற்கு, ஆரின் கையிலிருந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஸ்பேர் வேணும்ல" என்றான்.

வாழ்நாளில் அவன் பின்விளக்குக்கு ஸ்பேர் வாங்கியதில்லை. ஃபோன்டானாவில் வீடு வந்து சேரும்வரை வெர்னா இரண்டு விளக்குகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆரினுக்கு எழுபத்தொரு வயது. இரும்பாலையில் வெல்டராக இருந்தவன். ஆலையை மூடியதும் லாரி டிரெய்லர் கட்டும் பட்டறைக்குப் போனான். எந்த வேலையில் இருந்தாலும் சாயங்காலமும் சனிக்கிழமையும் கராஜில்தான். அங்கே அவன் கையில் முப்பத்தெட்டு ஃபிரேம் உருவாகியிருந்தது. எல்லாமே பாபர். வேண்டாததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு ஓட்டுகிற வண்டி அது. முன் மட்கார்டு கிடையாது, பின் மட்கார்டு பாதி, சீட் ஒன்றே ஒன்று. ஆனால் சொந்தத்துக்குக் கட்டிய ஒவ்வொரு வண்டியிலும் பின் மட்கார்டின் மேல் இரண்டு துளை போட்டுவிடுவான், சரியாக ஐந்தரை இன்ச் இடைவெளியில். கல்யாணமான வருஷம் வெர்னா தான் பின்னால் உட்காரத் தைத்த தோல் திண்டு அந்தத் துளைகளில்தான் உட்காரும். வண்டிகள் மாறின, திண்டு மாறவில்லை. "என் புருஷன் எனக்கு வாங்கிக்கொடுத்த ஒரே நிலம், பத்து இன்ச்சுக்கு எட்டு இன்ச்" என்று பள்ளிக்கூடச் சமையலறையில் கூட வேலை செய்த பெண்களிடம் அவள் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வீட்டில் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஹேண்டில்பார் சொருகும் கழுத்திலிருந்து பின்சக்கர அச்சின் வலது முனைக்கு ஒரு அளவு, இடது முனைக்கு ஒரு அளவு எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டேப்பின் நுனியைக் கழுத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வது வெர்னா. மறுமுனையில் குனிந்து படிப்பது ஆரின். சோள ரொட்டி அடுப்பில் இருந்தாலும், "வெர்னா, ஒரு கை" என்ற குரல் வந்தால் அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். நாற்பத்தோரு வருஷம் அப்படி.

பொமோனாவில் வாங்கியது அறுபத்தாறாம் வருஷத்து வண்டி. எழுபதுகளில் எவனோ பின்பக்கத்து ஸ்பிரிங்கையெல்லாம் அறுத்துவிட்டு, நேரான குழாய்களை ஒட்டவைத்திருந்தான். வெல்டைப் பார்த்து ஆரின் முகத்தைச் சுளித்தான். "காக்கா எச்சம் போட்டா இதைவிட அழகா இருக்கும்" என்றான். திங்கட்கிழமை அந்தப் பின்பக்கத்தை முழுசாக அறுத்து எடுத்தான். செவ்வாய்க்கிழமை புதுக் குழாய்களை வளைத்து, நான்கு மூட்டுகளுக்கும் பொருத்திவைத்தான்.

அடுத்து என்ன என்பது வெர்னாவுக்கும் மனப்பாடம். முதலில் நான்கு மூட்டிலும் பொட்டு வைத்தாற்போலச் சின்னதாகப் பற்றவைக்க வேண்டும். பிறகு அளவு. சரியாக இருந்தால் வலப்பக்கம் ஒரு இன்ச் வெல்டு, இடப்பக்கம் ஒரு இன்ச், மறுபடி வலம். ஒரே பக்கம் சூடு ஏறினால் இரும்பு அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். "ரெட்டைப் பிள்ளைக்குச் சோறூட்டற மாதிரிடா. இவனுக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய்" என்று அடுத்த தெருவிலிருக்கும் தினோவுக்கு ஆரின்தான் கற்றுக்கொடுத்தான்.

புதன்கிழமை வெர்னா கடைக்குப் போய்விட்டு வந்தபோது, வாசலிலேயே வெல்டு வாசனை வந்தது. கராஜில் ஆரின் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான்கு மூட்டும் முடிந்திருந்தன. காசுகளைச் சரித்து அடுக்கியதுபோல, ஒரு சிலும்பல் இல்லாத வெல்டு. வெர்னா பையைக் கீழே வைத்துவிட்டு வலப்பக்கக் குழாயைத் தொட்டாள். ஆறிப்போயிருந்தது. இடப்பக்கத்திலிருந்து அனல் வந்துகொண்டிருந்தது. குழாய் டிக் டிக் என்று சத்தம் போட்டுக் குளிர்ந்துகொண்டிருந்தது.

வலப்பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்து இடப்பக்கம் வந்திருக்கிறான். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வரிசை மட்டும் அவனிடம் இல்லை.

"என்னைக் கூப்பிடலையே" என்றாள்.

"நீ இல்லையே." பிறகு டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "இன்னைக்கு நான் கழுத்துல பிடிக்கிறேன். நீ படி."

"ஏன்?"

"கண்ணாடி அழுக்கு."

கண்ணாடி அவன் நெற்றியில், துடைத்துப் பளபளவென்று இருந்தது. வெர்னா பின்பக்கம் போய்க் குனிந்தாள். வலப்பக்கம் நாற்பத்தைந்தே கால். இடப்பக்கம் நாற்பத்தைந்தே முக்கால். மறுபடி வைத்துப் பார்த்தாள். அரை இன்ச். அரை இன்ச் கோணிய ஃபிரேம் எழுபது மைல் வேகத்தில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி ஒருவனின் சவ அடக்கத்துக்கு இருவரும் போய்வந்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தாள். ஆரின் டேப் நுனியை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாப்பத்தஞ்சே கால்" என்றாள். "ரெண்டு பக்கமும்."

அவன் தோள் இரண்டும் இறங்கின. மூச்சை விட்டான். "பாத்தியா" என்றான். அன்று இரண்டாம் தடவை பீன்ஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தினோவுக்கு போன் போட்டு, "முப்பத்தொன்பது. மயிரிழை பிசகலை" என்றான். வெர்னா தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் தட்டையே நெடுநேரம் கழுவினாள்.

மறுநாள் காலை தினோ வீட்டுக்குப் போனாள். தினோவின் முழுப்பெயர் செலஸ்தீனோ அர்ரியாகா. ஐம்பது வயது, பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"அவன் வெளியே போற நேரம் பாத்து, நீ வந்து அறுத்துட்டு மறுபடி போட்டுடு தினோ. நான் அவனைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"நல்லா இருக்கே தோன்யா வெர்னா. பொய் சொன்னது நீங்க, அறுக்கிறது நானா?" மரியாதைக்கு அவளை அவன் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவான்.

"விளையாடாதே."

"விளையாடலைங்க. அந்தக் கிழவன் தன் வெல்டைக் கண்ணை மூடிக்கிட்டுத் தடவியே சொல்லுவான். என் வெல்டைத் தடவுனா, இது தினோ கைன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுடும். அப்ப அவன்கிட்ட பொய் சொன்னது ரெண்டு பேரா ஆயிடும்." அவன் காபியை அவள் பக்கம் நகர்த்தினான். "அவன் வரிசை மறப்பான்னு யாராவது சொல்லியிருந்தா, சொன்னவனை அடிச்சிருப்பேன்."

"நானும்தான்."

"நீங்களே சொல்லிடுங்க. சனிக்கிழமை வர்றேன்."

அவள் திரும்பி வந்தபோது ஆரின் பின் மட்கார்டைச் சக்கரத்தின் மேல் வைத்துக் கட்டிவிட்டு, சாக்கட்டியால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெஞ்சில் பழைய திண்டு. ஐந்தரை இன்ச்சை அவன் டேப்பில் பார்க்கவில்லை. திண்டின் அடியிலிருந்த துளைகளைத்தான் அளவாக வைத்திருந்தான்.

"வா, வந்து உக்காரு. இடிக்குதான்னு பாக்கணும். உடம்பு வேற போட்டுட்ட."

"நாப்பத்தஞ்சே முக்கால்" என்றாள் வெர்னா.

"என்னது?"

"இடப்பக்கம். நேத்து. நான் மாத்திச் சொன்னேன்."

சாக்கட்டியைப் பெஞ்சில் வைத்தான். அது உருண்டது. பிடித்து, உருளாதபடி திண்டின் ஓரமாக அண்டக்கொடுத்தான். அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"நீ வர்றதுக்கு முன்னாடி நானே அளந்தேன்" என்றான் ஆரின். "கழுத்துல கிளாம்ப் மாட்டி. மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வந்துச்சு."

"கண்ணாடி..."

"கண்ணாடிக்கு ஒண்ணுமில்ல. கோடெல்லாம் நல்லாத் தெரியுது வெர்னா. கால் எது, முக்கால் எதுன்னுதான் நிக்க மாட்டேங்குது. பாத்துட்டு அந்தப் பக்கம் போறதுக்குள்ள போயிடுது." கைகளைத் துணியில் துடைத்தான். அவற்றில் துடைக்க எதுவும் இல்லை. "அதான் உன்னைப் படிக்கச் சொன்னேன். நீ படிச்சா அது சரியாத்தான் இருக்கும்னு வெச்சுக்கிட்டேன். இனிமே அப்படியே பண்ணலாம்னு இருந்தேன். நீ படி, நான் வெல்டு போடறேன்னு."

"ஆரின்."

"நேத்து எவ்வளவு நிம்மதியாத் தூங்கினேன் தெரியுமா?" என்றான். உள்ளே போய்விட்டான். குழாயில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. வெர்னா மட்கார்டின் இரண்டு சாக்கட்டிப் புள்ளிகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவற்றின் இடைவெளி மட்டும் துல்லியமாக இருந்தது.

சனிக்கிழமை தினோ வந்தான், கையில் ஒரு பெட்டி டோனட்டோடு. "கிழவா, உன் வெல்டை அறுக்க வந்திருக்கேன். நரகத்துக்குத்தான் போவேன்னு நெனைக்கிறேன்" என்றான். ஆரின் ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டு, "போறப்ப முகமூடியை எடுத்துட்டுப் போ. அங்க அனல் ஜாஸ்தி" என்றான். மூவரும் சிரித்தார்கள். அறுக்கும் மிஷின் ஓடியபோது ஆரின் ஸ்டூலை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

வண்டியை தினோ ஓட்டட்டும் என்பது எப்போது முடிவானது என்று கேட்டால் மூவராலும் சொல்ல முடியாது. மட்கார்டில் துளை போடட்டுமா என்று தினோ வெர்னாவைத் தனியாகக் கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள். திண்டை அதற்குள் எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தாள்.

தினோ நான்கு மூட்டிலும் பொட்டு வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். "அளவு" என்றான்.

சொல்லாமலே ஆரின் எழுந்து வந்தான். டேப் நுனியை எடுத்து, கழுத்தில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். நாற்பத்தோரு வருஷம் வெர்னா நின்ற இடம். வெர்னா பின்பக்கம் போய்க் குனிந்தாள். வலப்பக்கம் படித்தாள். இடப்பக்கம் படித்தாள். இன்னொரு தடவையும் பார்த்துக்கொண்டாள்.

"நாப்பத்தஞ்சே கால். ரெண்டு பக்கமும். விட்டுடலாம் ஆரின்."

அவன் விடவில்லை. விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

டேப்பின் நீளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து, கடைக்கணக்கிலும் சரி, பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்னதை அவள் வந்து சொன்னபோதும் சரி, அவன் அவளிடம் ஒருதரமும் கேட்காததைக் கேட்டான்.

"நெசமா?"

"நெசமா" என்றாள் வெர்னா.

ஆரின் மெல்லத் தலையைத் திருப்பி தினோவைப் பார்த்தான். "நீயும் ஒரு தடவை பாத்துடுடா" என்றான்.